திரை கலங்கினால் எங்கே தேடுவது?

(கோரமண்டலில் நடந்த நூலகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டபோது, செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள் சிலர். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். கணினி பழுது பார்ப்பவன் என்ற முறையில், நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கிற ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். மானிட்டரில் படம் கெட்டுப்போகிறது. கோடு விழுகிறது, நடுங்குகிறது, நிறம் மாறுகிறது, எழுத்து மங்குகிறது. உடனே வீட்டில் ஒரு குரல் எழுகிறது: "பேனல் போயிடுச்சு." அந்த ஒரு சொல்லை நம்பிச் சில ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்துவிடுகிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். திரையில் தெரிகிற கோளாறெல்லாம் திரையின் கோளாறு ஆகாது. படம் ஒரு நீண்ட வழியைக் கடந்து திரைக்கு வருகிறது. வழியில் எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். கண்டுபிடிக்கும் வேலையில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண்ணாலேயே செய்யலாம்.

இதைக் கோரமண்டலில் நின்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று இந்தத் தங்கவயலின் சுரங்கம் மூடப்பட்ட பிறகு நம் பிள்ளைகளின் பிழைப்பு பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்குப் போகிற ரயிலில் ஏறிவிட்டது. விடியற்காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று கோரமண்டல் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தெரியும். அந்த அலைச்சலிலிருந்து சிலருக்காவது விடுதலை கொடுத்தது வீட்டில் இருக்கும் கணினி. ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். ஒரு பையன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். ஒருவர் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறார். இவர்களில் பலர் வாங்கியிருப்பது பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற பழைய மானிட்டர். அது ஒரு நாள் கலங்கினால் அன்றைய கூலி போகிறது. ஆகவே இது நமக்குப் பொழுதுபோக்குச் செய்தி இல்லை.

இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கோளாறு எங்கே என்று தேடுவது இந்த மண்ணுக்குப் புதிய வித்தை இல்லை. நம் பாட்டன்மார் வேலை செய்த சுரங்கங்களில் பாறை வெடிக்கும். மேலே இருக்கிற மலையளவு எடையைத் தாங்க முடியாமல் திடீரென்று பாறை சிதறும். 'ஏர் பிளாஸ்ட்' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். சத்தம் எல்லோருக்கும் கேட்கும். எந்தச் சுரங்கத்தில், எந்த மட்டத்தில் வெடித்தது என்று மட்டும் யாருக்கும் காதால் சொல்ல முடியாது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு இங்கே நிலத்தடியிலும் தரைமேலும் பல இடங்களில் அதிர்வு வாங்கும் கருவிகளை வைத்தார்கள். ஒரே அதிர்வு ஒவ்வொரு கருவிக்கும் சற்று முன்பின்னாக வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால் வெடித்த இடம் அகப்படும். ஒரே ஒரு கருவி இருந்தால் அதிர்ந்தது என்று சொல்லலாம். எங்கே என்று சொல்ல முடியாது. பல இடங்களில் கேட்டு ஒப்பிட்டால்தான் இடம் தெரியும். 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இந்த ஊரில் உருவானதற்கும் இப்படிப்பட்ட அனுபவமே அடித்தளம்.

மானிட்டருக்கும் அதே முறைதான். திரையை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் "கெட்டது" என்று சொல்லலாம், அவ்வளவுதான். படம் வரும் வழியில் இரண்டு மூன்று இடங்களில் அதைச் சோதித்து ஒப்பிட வேண்டும்.

படம் நடந்து வரும் வழி

அந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். நீங்கள் தட்டுகிற எழுத்து முதலில் நினைவகத்தில் ஒரு படமாக எழுதப்படுகிறது. சாதாரணக் கணினியில் அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமின் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்குச் சொந்த நினைவகம் உண்டு. அங்கிருந்து படம் கேபிளில் இறங்குகிறது. கேபிளின் மறுமுனையில், மானிட்டருக்குள் ஒரு போர்டு அதை வாங்கித் திரையின் அளவுக்கு ஏற்றபடி மாற்றுகிறது. பின்பு இன்னொரு சிறிய போர்டு, எந்தப் புள்ளி எப்போது எரிய வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. கடைசியில் பேனல். இவற்றோடு தனியாக இரண்டு வேண்டும்: மின்சாரம் கொடுக்கும் போர்டு, திரைக்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் விளக்கு.

பேனலில் என்ன இருக்கிறது? 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணுக்குகள். மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். இத்தனையும் பல மானிட்டர்களில் ஒரு வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில் எங்கோ ஒரு தொடர்பு தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. அது எப்படித் தெரிகிறது என்பதே, எங்கே தளர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

காசில்லாத சோதனைகள்

முதல் சோதனை, மானிட்டரின் சொந்த மெனு. மானிட்டரின் அடியிலோ பக்கத்திலோ இருக்கிற பொத்தானை அழுத்தினால் வெளிச்சம், நிறம் இவற்றை மாற்றும் சின்னப் பெட்டி திரையில் வரும். அந்தப் பெட்டியைக் கணினி அனுப்பவில்லை, மானிட்டரே வரைகிறது. அந்தப் பெட்டியின் மேலும் கோடு விழுகிறதா, அதுவும் நடுங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் கெட்டிருந்தால் கோளாறு மானிட்டருக்குள். அது மட்டும் சுத்தமாக நின்று, பின்னால் உள்ள படம் கலங்கினால், பேனல்மேல் பழி போடாதீர்கள். கேபிளையும் கணினியையும் பாருங்கள். அரை நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம்.

இரண்டாவது, ஸ்க்ரீன்ஷாட். கோளாறு தெரியும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை உங்கள் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட் என்பது நினைவகத்தில் உள்ள படத்தின் பிரதி. போனில் பார்க்கும்போதும் அந்தக் கோடு, அந்தக் கறை இருந்தால், படம் பிறக்கும்போதே கெட்டுவிட்டது. அப்போது டிரைவர் (கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள்), ரேம், கிராஃபிக்ஸ் இவற்றில்தான் தேட வேண்டும். புது மானிட்டர் வாங்கினாலும் அதே கோடு அதிலும் வரும். ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் சந்தேகம் கேபிளுக்கும் மானிட்டருக்கும் நகர்கிறது. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டை அதோடு விடுதலை செய்துவிடாதீர்கள். படத்தை வெளியே அனுப்பும் பகுதி கெட்டிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாகவே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரையை செல்போன் கேமராவால் படம் எடுத்துவிட்டு, "அலை அலையாகத் தெரிகிறது" என்று அனுப்புகிறார்கள். நல்ல திரையைப் படம் எடுத்தாலும் அலையும் கறுப்புப் பட்டையும் வரும். திரையின் புள்ளி வரிசையும் கேமராவின் புள்ளி வரிசையும் ஒத்துப்போகாததால் அலை வருகிறது; திரை புதுப்பிக்கும் வேகமும் கேமரா பதிவு செய்யும் வேகமும் ஒத்துப்போகாததால் பட்டை வருகிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது, மாற்றிப் பார்ப்பது. பக்கத்து வீட்டு மானிட்டரை உங்கள் கணினியில் மாட்டுங்கள். உங்கள் மானிட்டரை அவர்கள் கணினியில் மாட்டுங்கள். கோளாறு யாரோடு போகிறது என்று பாருங்கள். மாற்று மானிட்டர் இல்லையென்றால் வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினாலும் போதும். லேப்டாப்புக்கு இது மிக நல்ல சோதனை. டிவியில் படம் நன்றாக வந்து லேப்டாப் திரையில் மட்டும் கெட்டிருந்தால் பேனலோ அதற்குப் போகும் பட்டைக் கேபிளோ காரணம். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகிற அந்தப் பட்டைக் கேபிள்மேல்தான் முதல் சந்தேகம். அதன் விலை பேனல் விலையைவிட மிகக் குறைவு. இரண்டையும் வேறுபடுத்தாமல் பேனலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, விண்டோஸ் வருவதற்கு முன் பார்ப்பது. கணினியைப் போட்டவுடன் கம்பெனிப் பெயர் வருகிறதே, அந்தத் திரையையும் பயாஸ் திரையையும் கவனியுங்கள். அங்கேயே கோடு இருந்தால் விண்டோஸையும் டிரைவரையும் குறை சொல்ல முடியாது. அங்கே சுத்தமாக இருந்து, விண்டோஸ் வந்த பிறகு கலங்கினால் டிரைவர்மேல் சந்தேகம் வலுக்கிறது. சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் டிரைவரை நீக்கிவிட்டு, இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா, எது உங்களுடையதோ அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் புதிதாக இறக்கிப் போடுங்கள். அப்டேட் ஆன மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

திரை துடித்துக்கொண்டே இருந்தால் மைக்ரோசாஃப்ட் சொல்கிற எளிய சோதனை ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர் காரணமாக இருக்கலாம். மற்றதெல்லாம் துடித்து, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால், நீங்கள் ஏற்றிய ஏதோ ஒரு செயலி காரணம். விண்டோஸ் பொத்தான், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். திறந்து வைத்த வேலை எதுவும் மூடாது. தேர்வு எழுதும்போது திரை உறைந்து போனால் இது கை கொடுக்கலாம்.

எந்தச் சோதனை செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் டிரைவரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி வரும்போது முதலிலிருந்து தேட வேண்டும். செய்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கோளாறின் முகம்

இனி, கோளாறு எந்த முகத்தோடு வந்தால் என்ன பொருள் என்று பார்ப்போம்.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கண் வலிக்கிறது. முதலில் ரெசல்யூஷனைப் பாருங்கள். 1920 புள்ளி அகலமுள்ள திரைக்கு 1366 புள்ளி அகலமுள்ள படத்தை அனுப்பினால், ஒரு புள்ளியை ஏறக்குறைய 1.4 புள்ளியாக விரிக்க வேண்டும். பேனலில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே நிறத்தை அக்கம்பக்கத்தில் பூசி ஒப்பேற்றுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் சுழியும் வளைவும் அதிகம். 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரிய இந்தப் பூச்சே போதும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெக்கமண்டட்' என்று போட்டிருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள், தீர்ந்தது.

டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு ஓரம் வெட்டுப்படும், கீழே உள்ள பட்டை பாதி மறையும். பழைய ஒளிபரப்புக் காலத்திலிருந்து டிவிக்கு ஓரத்தை வெட்டும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிவியின் படஅளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' என்பது போல ஒன்று இருக்கும். அதைப் போட்டால் முழுப் படமும் வரும்.

திரை முழுக்க ஒரே நிறமாக மாறிவிட்டது. நீலப் பிளக் உள்ள வி.ஜி.ஏ. கேபிள் உங்களுடையது என்றால் பெரும்பாலும் ஊசி வளைந்திருக்கும், அல்லது சரியாகச் செருகாமல் இருக்கும். அந்தப் பிளக்கில் 15 ஊசிகள். முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். நீலம் வராவிட்டால் வெள்ளைத்தாள் மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் ஊதா கலந்த சிவப்பாகும். சிவப்பு வராவிட்டால் வெளிர் நீலமாகும். நிறத்தைப் பார்த்தே எந்த ஊசி என்று சொல்லிவிடலாம். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பின்பு நேராகச் செருகி இரண்டு பக்கத் திருகையும் முடுக்குங்கள். படம் ஒரு பக்கம் தள்ளி நின்றாலும் எழுத்து நடுங்கினாலும் மானிட்டரில் 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் கோளாறு வேறு மாதிரி வரும். நிறம் மெல்ல மங்காது. மின்மினி போல வெள்ளைப் புள்ளிகள் சிதறும், அல்லது திரை ஓரிரு வினாடி முழுக்கக் கறுத்துவிட்டுத் திரும்பும். மலிவான நீளக் கேபிளில் இது சகஜம். குட்டையான நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

மயிரிழை அளவில், மேலிருந்து கீழ்வரை, எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் நெட்டுக்கோடு. மெனுப் பெட்டியின் மேலும் தெரிகிறது. இது உண்மையிலேயே பேனல் கோளாறு. 1920 புள்ளி அகலத் திரைக்கு நெடுக்கில் மட்டும் 5,760 மெல்லிய தடங்கள் போகின்றன. அவை கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டப்பட்ட மென்படலம் வழியாகப் போர்டோடு சேர்கின்றன. அந்த ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்தத் தடம் செத்துவிடும். தட்டினால், அழுத்தினால் சிறிது நேரம் வரும், மறுபடி போகும். அதை மீண்டும் ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும், தெருக்கடையில் நடக்காது. ஒற்றைக் கோடு என்றால் அதோடு வாழப் பழகலாம். பழைய மானிட்டர் வாங்கும்போது இந்தக் கோடு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று வந்த இடத்தில் இன்னொன்றும் வரக்கூடும்.

சதுரம் சதுரமாக, வண்ணப் பொட்டுகளாக, துண்டு துண்டாகப் படம் சிதறுகிறது. கணினி சூடான பிறகு அதிகமாகிறது. இது கிராஃபிக்ஸின் நினைவகமோ ரேமோ சூட்டில் தடுமாறுவதன் அடையாளம். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சுரங்கங்கள் விட்டுப்போன 13 சயனைட் மேடுகளில் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் அரைத்த கழிவு மண் கொட்டிக் கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவுத் தூசி எங்கே போகிறது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அது நம் நுரையீரலுக்குச் செய்கிற கேடுதான் முதலில் பேச வேண்டியது. கணினிக்கு வந்தால், விசிறியிலும் அதன் கீழே உள்ள உலோகத் தகட்டிலும் படிந்து சூட்டை வெளியே விடாமல் அடைக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். இதனாலேயே சரியாகிவிடுகிற கணினிகள் உண்டு.

மானிட்டரைப் போட்டவுடன் துடிக்கிறது, கால் மணி நேரம் கழித்துத் தானே சரியாகிறது. சில மாதம் போனால் படமே வருவதில்லை. இது மின்சார போர்டில் உள்ள கெப்பாசிட்டர் உப்பியதன் அடையாளம். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் பெருவாரியாக வந்து ஏராளமான மதர்போர்டுகளையும் மானிட்டர்களையும் கெடுத்தன. பழைய மானிட்டர்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். இரண்டு மூன்று கெப்பாசிட்டர்களை மாற்றினால் மானிட்டர் பிழைத்துக்கொள்ளும். உதிரிக்கு ஆகும் செலவு சொற்பம். இப்படிப்பட்ட மானிட்டரைப் "பேனல் போயிடுச்சு" என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுத்து மட்டும் கெட்டு, படமெல்லாம் சரியாக இருந்தால் அது திரைக்கோளாறே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்த மொழிக்கான எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை என்று பொருள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடிக்கிற நம் ஊர்க் கடைகளில் இது அடிக்கடி நடக்கும். எழுத்துருவைப் போடுங்கள், அல்லது கோப்பை யூனிகோடுக்கு மாற்றுங்கள். திரை மஞ்சளாக இருந்தால் 'நைட் லைட்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால் 'கலர் ஃபில்டர்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குழந்தை தொட்டு மாறியதற்கெல்லாம் கடைக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

எர்த் என்னும் உயிர்க்காவல்

சில திரைக்கோளாறுக்கு வீட்டு ஒயரிங்கும் காரணம். இந்த ஊருக்கு மின்சாரம் வந்த கதை நமக்குப் பெருமை. காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல். ஆனால் அந்த மின்சாரம் சுரங்கத்துக்காக வந்தது. தொழிலாளியின் லைன் வீட்டை நினைத்து வரவில்லை. பின்னால் நாமே கூட்டியும் ஒட்டியும் இழுத்துக்கொண்ட ஒயரிங்தான் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் இல்லாமல் போனது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த்.

கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் கை சுரீரென்கிறதா? கணினியின் மின்சாரப் பெட்டிக்குள், இரைச்சலை வடிகட்டும் இரண்டு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அவற்றில் கசிகிற சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்டில் பாதி அளவு அந்த உலோகப் பெட்டியில் ஏறி நிற்கும். மிகக் குறைந்த மின்னோட்டம் என்பதால் பொதுவாகச் சுரீரென்பதோடு நிற்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. நாளைக்குக் கிரைண்டரிலோ ஹீட்டரிலோ உண்மையான கசிவு வந்தால் உயிரைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

திரையிலும் அது தெரியும். வி.ஜி.ஏ. கேபிள் போட்ட மானிட்டரில், அகலமான மங்கல் பட்டை ஒன்று மெல்ல மேலேயோ கீழேயோ உருண்டு போனால் எர்த் சரியில்லை, அல்லது கணினியும் மானிட்டரும் வேறு வேறு சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். பட்டை மறையவில்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று ஊசிப் பிளக்கின் தடித்த ஊசியை வெட்டிவிட்டு இரண்டு ஊசிப் பாயிண்டில் செருகுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள். தெளிவான படத்தைவிட உங்கள் உயிர் பெரியது.

எங்கே நிறுத்த வேண்டும்

நான் சொன்ன சோதனைகளில் கணினிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது வரை நீங்கள் செய்யலாம். மானிட்டரைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்சார போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். பழைய குழாய் மானிட்டர் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் அதன் பின்மூடியைத் தொடவே வேண்டாம்; அதற்குள் இருப்பது இருபதாயிரம் வோல்டுக்கும் மேல். அந்த மானிட்டரின் மூலையில் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை நகர்த்துங்கள். காந்தம் அந்தத் திரையைக் கெடுக்கும். இன்றைய தட்டைத் திரைக்கு அந்தப் பயம் இல்லை.

உண்மையிலேயே செத்துப்போன மானிட்டரைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய தட்டைத் திரைகளின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போய்ச் சேர வேண்டும். தங்கம் எடுத்து முடித்தவர்கள் நமக்கு விட்டுப்போன கழிவு போதும். நாமாக இன்னொரு நச்சு மேட்டை எழுப்ப வேண்டாம்.

பழுது பார்க்கும் என் தொழில் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரின் எதிரில் மெனுவைத் திறந்து காட்டுங்கள், வேறு கேபிளை மாட்டிக் காட்டுங்கள், கோளாறு எங்கே இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள். கேபிள்தான் கோளாறு என்றால் கேபிள் காசு மட்டும் வாங்குங்கள். இந்த ஊரில் ஒருவரின் ஒரு மாதச் சேமிப்பு நம் ஒரு வார்த்தையில் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். திரை கலங்கினால் பதறாதீர்கள். மானிட்டரின் மெனுவைப் பாருங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பாருங்கள், விண்டோஸ் வருமுன் கவனியுங்கள். கண்டதை எழுதுங்கள். இதை உங்கள் வீட்டில் ஒரு முறை செய்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் செய்து கொடுங்கள். இந்த லைன்களில் எந்தக் கணினியும் கோளாறு தெரியாமல் தூக்கி எறியப்படக் கூடாது. அதை நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.